கொம்பு வச்ச கும்பிடுபூச்சி

மழைக்குன்னு நெனச்சிட்டீங்களா? இல்ல சார், இது மழைக்குடை இல்ல. வெள்ளைக் குடையை எவனாவது மழைக்குக் கொண்டு போவானா? இதைத் தலைகீழாப் பிடிக்கணும். செடிக்குக் கீழ இப்படி மல்லாத்திப் பிடிச்சுக்கிட்டு, கம்பால கொப்பைத் தட்டணும். ரெண்டு தட்டு போதும். புழு, வண்டு, எட்டுக்கால் பூச்சி எல்லாம் பொலபொலன்னு உள்ள விழும். வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கொட்டிரலாம். மலையடிவாரத்துல, விக்கிரமசிங்கபுரத்துல, என்னைக் குடைக்கிறுக்கன்னு சொல்லுதானுவ. சொல்லிட்டுப் போகட்டும்.

நீங்க எங்க எறங்கணும்? கல்லிடைக்குறிச்சியா? அப்போ நேரம் கெடக்கு. சன்னலை அடைச்சிராதீங்க, எனக்குக் காத்து வேணும். பஸ்ல ஏறுத ஆளுகளை நான் ரெண்டாப் பிரிச்சிருவேன். ஏறினதும் தூங்குதவன், தூங்காதவன். தூங்காதவனை மறுபடி ரெண்டாப் பிரிக்கலாம். போனை நோண்டுதவன், நோண்டாதவன். நீங்க தூங்காத, போனை நோண்டாத இனம். அபூர்வம். தொழில் புத்தி சார், கோவிச்சுக்கிடாதீங்க. பாளையங்கோட்டைல ஒரு காலேஜ்ல விலங்கியல் பேராசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பேரு நெல்லைநாயகம்.

பூச்சியையும் இப்படித்தான் ரெண்டு ரெண்டாப் பிரிச்சுக்கிட்டே போகணும். ரெக்கை உண்டா, கெடையாதா? உண்டுன்னா ரெண்டா, நாலா? இப்படியே போனா கடைசில ஒரு பேர்ல போயி நிக்கும். எந்தப் பேர்லயும் நிக்கலேன்னா அங்கதான் விசேஷம். அது புதுசு. உலகத்துல ஒருத்தனும் அதுக்கு இன்னும் பேர் வைக்கலேன்னு அர்த்தம். அப்படி ஒண்ணு எனக்கு வாய்ச்சுது சார். ஒரே ஒண்ணு. அதைத்தான் இப்ப ஒருத்தி இல்லேங்கா. அப்படி ஒரு பூச்சியே உலகத்துல கெடையாதாம். எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க?

கும்பிடுபூச்சி தெரியும்லா? முன்னங்காலைச் சேத்து வச்சுக்கிட்டு, தலையை மட்டும் மனுஷன் மாதிரி திருப்பிப் பாக்குமே, அதுதான். அதுல ஒண்ணு. இந்தா இந்த பஸ் போகுதே பாபநாசம், அதுக்கு மேல ஆத்தோரத்துல நான் பிடிச்சுக்கிட்டு வந்தது. உடம்பு மலைல கெடக்க சாதாரணக் கும்பிடுபூச்சி உடம்பு. மரப்பட்டை நெறம். ஆனா தலைல ஒரு கொம்பு! நெத்திக்கு நடுவுல, கூம்பா, நட்டமா நிக்கும். கொம்பு உள்ள கும்பிடுபூச்சி உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா அது கீழ முள்ளுக்காட்டுல, தேரிச் செம்மணல் மேட்டுல, வெயில்ல கெடக்க ஜீவன். அது மலையேறாது. மலைல உள்ளதுக்குக் கொம்பு கெடையாது. உடம்பு மலை, தலை முள்ளுக்காடு. நெனச்சுப் பாருங்க சார். எங்க இருந்து எங்க வந்து சேந்திருக்கு!

மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு முதமுதலாப் பாத்த அன்னைக்கு லென்ஸைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். காலேஜ்ல ஒரு மனுஷன்கிட்டயும் மூச்சு விடல. ஒரு வருஷத்துக்கு மேல அதோடயே கெடந்தேன். கும்பிடுபூச்சிக்கு முன்னங்கால்ல முள்ளு இருக்கும். அதை ஒவ்வொண்ணா எண்ணி, எது பெருசு, எது சிறுசு, எது உள்பக்கம் வளைஞ்சிருக்கு, எல்லாம் எழுதணும். கண்ணு, மீசை, ரெக்கை நரம்பு, வால் நுனி, ஒண்ணு விடக்கூடாது. எழுதினது போதாதுன்னு மையால படம் வேற வரையணும். ஒரு மயிரு தப்பாப் போட்டா தாளையே கிழிச்சுப் போட்டுட்டு முதல்ல இருந்து வரைவேன். நான் அப்படி. எனக்கு எதுலயும் அரைகுறை ஆகாது. எங்க வீட்டுல அதுதான் பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் பிடிக்காது.

கட்டுரை வந்துச்சு. வெளிநாட்டுப் பத்திரிகைல. மலைக்கும் சமவெளிக்கும் நடுவுல விட்டுப் போன கண்ணி இதுதான்னு எழுதியிருந்தேன். முள்ளுக்காட்டு இனம் எப்பவோ ஒரு காலத்துல ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏறியிருக்கு, ஏறையில உடம்பு மாறிட்டு, தலை மட்டும் பழசா நின்னுட்டு. எப்படி? கேக்கதுக்கு நல்லா இருக்குல்லா? ஜெர்மனில இருந்து ஒரு பெரியவர் பாராட்டி எழுதினாரு. காலேஜ்ல பொன்னாடை போத்தினாங்க. பயலுவ எனக்குக் கொம்பன்னு பேர் வச்சானுவ. என் முதுகுக்குப் பின்னாலதான். ஆனா எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு.

பேரு என்ன வச்சேன்னு கேக்கலியே நீங்க. இதுல ஒரு மரியாதை இருக்கு சார். கண்டுபிடிச்சவன் தன் பேரைத் தானே வச்சுக்கிட மாட்டான். வச்சா ஊரே காறித் துப்பும். வேற யாருக்காவது வைக்கலாம். குருவுக்கு வைக்கலாம், ஊருக்கு வைக்கலாம். நான் எம் பொண்டாட்டிக்கு வச்சேன். அவ குத்தாலத்துக்காரி. பேரு குழல்வாய்மொழி. அங்க உள்ள அம்மன் பேரு. லத்தீன் மொழில அதுக்கு ஒரு வால் சேத்து வச்சேன். வெள்ளைக்காரன் வாயில நுழையாம முழிச்சானுவ. முழிக்கட்டும், என் மலைல உள்ள பூச்சிக்கு என் ஊருப் பேருதான். எத்தனை புருஷன் பொண்டாட்டிக்கு இப்படிச் செய்வான்? சேலை கிழிஞ்சிரும், நகை தேஞ்சிரும். இது உலகம் உள்ளளவும் நிக்கும்.

அந்தப் பத்திரிகையைக் கொண்டு வந்து அவ முன்னால விரிச்சு வச்சேன். இந்தா பாரு உன் பேருன்னேன். படத்தைப் பாத்தா. கொம்பைப் பாத்தா. முகமெல்லாம் வெளுத்துட்டு. அப்படியே அடுப்படித் தரையில உக்காந்துட்டா. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. ஆனந்தக் கண்ணீர்னு கதைலதான் கேட்டிருக்கேன், அன்னைக்குத்தான் நேர்ல பாத்தேன்.

ஒரே ஒரு குறை. ஒத்தை உடம்பு. ஒரு புது இனத்தைச் சொன்னா, எந்த உடம்பைப் பாத்துச் சொன்னமோ அதுக்குச் சிவப்பு லேபிள் குத்தி, காலத்துக்கும் பாதுகாக்கணும். அதுதான் சாட்சி. நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டணும். எங்க காலேஜ் மியூசியத்துல, ஊசில குத்தி, கண்ணாடி மூடி போட்ட பெட்டில வச்சிருந்துச்சு. கூட நாலு அஞ்சு கெடச்சா கொஞ்சம் பலமா இருக்கும். ஒத்தையை வச்சுப் பேர் வைக்கலாமான்னு சில பேரு மூக்கைச் சுழிச்சானுவ. அதுக்காகத்தான் நான் வருஷாவருஷம் மழை விட்டதும் இந்தக் குடையைத் தூக்கிக்கிட்டு மலைக்கு வாரேன். இன்னும் ஒண்ணு, ஒரே ஒண்ணு கெடச்சுட்டா போதும்னு. ஒரு வருஷம் விட்டதில்ல. காய்ச்சலோட வந்திருக்கேன். அட்டை கடிச்சுக் கால் வீங்கித் திரும்பியிருக்கேன். மாமனார் செத்துப் பதினாறு கழியாம வந்தேன், அதை இன்னைக்கும் சொல்லிக் காட்டுதாங்க. மழை விடுததை நான் தள்ளியா வைக்க முடியும்?

ஒண்ணு சொல்லணும். அவ ஒரு வருஷம்கூட போகாதீங்கன்னு சொன்னதில்ல. வேற எதுக்கும் முகத்தைத் தூக்குவா. மலைக்குன்னா முந்தின நாளே புளியோதரை கிண்டி, தொவையல் அரைச்சு, பையில எடுத்து வச்சிருவா. வாசல் வரைக்கும் வந்து அனுப்புவா. அவ்வளவு அக்கறை. ஒரு தடவை மலைல நல்ல மழை பிடிச்சுட்டு. பாதியிலேயே திரும்பி, சொன்னதுக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்துட்டேன். தெருமுக்குல வரும்போதே எங்க வீட்டுல இருந்து சிரிப்புச் சத்தம் கேக்கு. பாட்டுச் சத்தம் கேக்கு. உள்ள போனா, அவ தங்கச்சி, எதிர்வீட்டு அம்மா, எம் மக, எல்லாரும் நடுவீட்டுல உக்காந்து தாயம் ஆடுதாங்க. என்னைப் பாத்ததும் பாட்டை நிப்பாட்டினாங்க. அவ தங்கச்சி சேலையை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எதிர்வீட்டு அம்மாவுக்குத் திடீர்னு அடுப்புல பால் ஞாபகம் வந்துட்டு. ஏன், ஆடுங்களேன், நானா வேண்டாம்னேன்? மனுஷன் நனைஞ்சு வந்து நிக்கான், ஒரு துண்டு எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. அதைத்தான் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். பியூலான்னு ஒரு பொண்ணு. எங்கிட்டதான் ஆராய்ச்சிக்குச் சேந்தா. நாசரேத்துப் பக்கம். நல்ல கை சார் அவளுக்கு. கொசு அளவு பூச்சியைக்கூடக் கால் ஒடியாம ஊசில நிறுத்துவா. ஆனா எழுத்து சரியில்ல. அவ எழுதிக்கிட்டு வந்த அத்தியாயத்தை நான் திருப்பித் திருப்பி எழுத வச்சேன். ஒரு தடவை எங்க வீட்டுல வச்சு, எல்லாரும் இருக்கையில தாளை சன்னல் வழியா வெளிய போட்டேன். படிப்பிக்கதுன்னா அப்படித்தான். அவ என்ன செய்யணும்? பொறுக்கிட்டு வந்து திருத்தணும். பொறுக்கினா. ஆனா திரும்பி வரல. வேற ஊருக்குப் போயி வேற ஆளுகிட்டச் சேந்துட்டா. அப்பவும் எங்க வீட்டுக்காரி சொன்னா, அந்தப் பொண்ணு மதியம் சாப்பிடாமலே போயிட்டுன்னு. சாப்பாடா முக்கியம்?

இப்ப அவ பெரிய ஆளு. வடக்க ஒரு ஊர்ல பூச்சி மியூசியத்துக்கு அவதான் பொறுப்பு. தெக்கத்தி மலைல உள்ள கும்பிடுபூச்சி அத்தனையும் எடுத்து, எது எது சரி, எது எது தப்புன்னு ஒழுங்குபடுத்துதாளாம். அதுக்காக எங்க காலேஜ்ல இருந்து என் பூச்சியைக் கேட்டு வாங்கியிருக்கா. அது வழக்கம்தான். கேட்டாக் குடுக்கணும். காஞ்ச பூச்சியை விரிச்சுப் பாக்கணும்னா, தண்ணி ஈரம் உள்ள டப்பால கொஞ்ச நேரம் மூடி வைப்பாங்க. ஈரம் ஏறினா கால் இளகும். அப்படி வச்சிருக்கா. தெறந்து பாத்தா, தலை தனியா விழுந்து கெடக்காம். கழுத்துல கோந்தாம். கோந்து சார்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் ஒட்டுமே, அது.

நானே கழுத்தைப் பத்தி எழுதியிருக்கேன் சார். கட்டுரைல தனிப் பத்தியே போட்டிருக்கேன். கழுத்தைச் சுத்தி மினுமினுன்னு ஒரு வளையம், வேற எந்தக் கும்பிடுபூச்சிலயும் இல்லாதது, இதை வச்சே இந்த இனத்தை அடையாளம் கண்டுரலாம்னு. பாக்காத ஆளா நான்? அவ்வளவு நுணுக்கமாப் பாத்து எழுதினவனுக்குக் கோந்துக்கும் வளையத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போகுமா?

பியூலா எனக்கு முதல்ல எழுதல. வீட்டுக்குப் போன் போட்டிருக்கா. நான் காலைல நடக்கப் போயிருந்த நேரம். எங்க வீட்டுக்காரி எடுத்திருக்கா. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசியிருக்காளுவ. பேசினது மட்டும் இல்ல, நான் கேட்டைத் தெறக்கையில இவ போனைக் காதுல வச்சுக்கிட்டு கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுச் சிரிக்கா. என்னைக் கண்டதும், சார் வந்துட்டாங்கன்னு சொல்லி எங்கிட்டப் போனை நீட்டிட்டு உள்ள போயிட்டா.

பியூலா மரியாதையாத்தான் பேசினா. அதைச் சொல்லணும். "சார், நல்லா இருக்கீங்களா? ஒரு விசயம் சார். எப்படிச் சொல்லதுன்னு தெரியல. தலை வேற பூச்சியோடது சார். உடம்பு வேற. நீங்களே ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்பிருங்க. உங்க பேர்லயே வரட்டும். என் கட்டுரை தை மாசம் அச்சுக்குப் போகுது. அதுல நான் எழுதினா நல்லா இருக்காது சார்"ங்கா. எனக்கு அவ பிச்சை போடுதா. எங்கிட்டப் படிச்சவ. ஏம்மா, உங்க மியூசியத்துல வச்சு எவளாவது தலையை மாத்தி ஒட்டியிருந்தா? நீயே ஒட்டியிருந்தா? பழைய தாளை மனசுல வச்சுக்கிட்டு இப்படிச் செய்யலாமான்னு கேட்டுட்டேன். அதுக்கு அவ மெதுவாச் சொல்லுதா, "ஆன்ட்டிகிட்டக் கேளுங்க சார்"னு.

கேட்டேன். ஏளா குழலு, அவகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. தலையை நிமித்தாம, "உள்ளதைச் சொன்னேன்"ன்னா.

"உள்ளது என்னது?"

"நான்தான் ஒட்டினேன்னு."

கேளுங்க சார். இத்தனை வருஷம் கழிச்சு. அன்னைக்கு வீட்டுல வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தாம். என் பூச்சிப் பலகையை மேசைல இருந்து எடுத்து உள்ள வைக்கப் போயிருக்கா. கை தவறிட்டாம். அப்ப நான் மலைல பிடிச்சதும், அதுக்கு முந்தின வாரம் தேரில பிடிச்சதும் ஒரே பலகைலதான் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதுல ரெண்டு கீழ விழுந்துட்டாம். "ஒண்ணுக்கு உடம்பு நல்லா இருந்துச்சு, தலையைக் காணோம். வீடு பூரா குமிஞ்சு தேடினேன். இன்னொண்ணுக்குத் தலை நல்லா இருந்துச்சு, உடம்பை அந்தப் பதட்டத்துல நானே மிதிச்சிட்டேன். ஒண்ணாவது முழுசா இருக்கட்டுமேன்னு பிள்ளையோட கோந்தை எடுத்து ஒட்டி வச்சேன். ஒண்ணு குறையுதுன்னா கொஞ்சமாச் சத்தம் போடுவீங்க, ரெண்டும் போயிட்டுன்னா எங்களால தாங்க முடியாதுன்னுதான்."

நான் என்ன புலியா கரடியா? சத்தம் போடுவேனாம். ஒண்ணைக் காணோமேன்னு அன்னைக்குக் கேட்டேன், வாஸ்தவம். எறும்பு இழுத்துட்டுப் போயிட்டுன்னா. எறும்பு வராம இருக்கதுக்குத்தானே மேசைக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வச்சிருக்கேன், எப்படி வரும்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன்னு சொல்லுதா. எறியவே இல்ல. நகட்டித்தான் வச்சேன். அது போயி சுவத்துல பட்டா நான் என்ன செய்ய? புதுசா வெள்ளையடிச்ச சுவரு, ரசம் பட்டதும் கறையாயிட்டு. அதை ஒரு பெரிய குத்தமா இத்தனை வருஷமா மனசுல வச்சிருக்கா பாருங்க. அப்புறம் நான் பேசவே இல்லையாம் ரொம்ப நாளா. பேசாம இருந்தா அது கோபமா சார்? கோபம் வந்தா ஆளுக கத்துவாங்க. நான் கத்தல. வாயைத் தெறக்கல. அதுக்கும் குத்தம்.

"அப்ப, பிறகு ஒரு நாள் நான் கொம்பைப் பாத்துட்டு வந்து சொன்னேன்லா, புதுசு போல இருக்குன்னு? அப்பச் சொல்ல வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

அதுக்கு அவ கீரையைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தா. "நீங்க சந்தோசமாயிட்டீங்க"ன்னா. "கல்யாணம் ஆகி அவ்வளவு சந்தோசமா நான் உங்களைப் பாத்ததே இல்ல. பிள்ளையைத் தூக்கிச் சுத்தினீங்க. அன்னைக்கு எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்களே கண்டுபிடிச்சிருவீங்கன்னும் நெனச்சேன். அவ்வளவு படிச்சவங்க. கடைசில புஸ்தகத்தைக் கொண்டு வந்து என் பேரைப் போட்டிருக்கேன்னு விரிச்சீங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு."

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கல. மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. ஒரு வேளை நெசமா இருக்குமோன்னு. ஒரு நிமிசம்தான், பாத்துக்கிடுங்க. ஒரே ஒரு நிமிசம். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். விஞ்ஞானின்னா ஆதாரத்தைப் பாக்கணும். இவ சொல்லுதது வெறும் வாய்ச்சொல்லு. வயசாயிட்டு, ஞாபகம் தடுமாறும். நேத்து வாங்கின வெங்காயம் எவ்வளவுன்னு கேட்டா முழிப்பா. இவ ஏதோ ஒரு பூச்சியை ஒட்டியிருக்கலாம். நான் இல்லேங்கல. அது இந்தப் பூச்சிதான்னு என்ன நிச்சயம்? எங்க வீட்டுல பூச்சிக்கா பஞ்சம்? ரெண்டாவது, அந்தப் பியூலா மேல இவளுக்கு எப்பவும் ஒரு இது. அவ அங்க தலையை ஒடிச்சிட்டா, அவளைக் காப்பாத்த இவ பழியைத் தன் தலைல போட்டுக்கிட்டு நிக்கா. இப்படியும் இருக்கலாம்லா? இருக்கலாமா இல்லையா?

இத்தனை வருஷம் நான் தேடியும் ஒண்ணுகூடக் கெடைக்கலியே, அது எப்படின்னு கேப்பீங்க. மக அதைத்தான் கேட்டா, போன்ல. "அப்பா, நீங்க தேடாத செடி அந்த மலைல உண்டா?"ன்னு. கெடைக்காதது இல்லாததா ஆயிருமா? அபூர்வம்னா அப்படித்தான். சிரமப்பட்டாத்தான் கெடைக்கும். மக சொல்லுதா, "விடுங்கப்பா, அம்மாகிட்ட இப்பத்தான் போன்ல பேசினேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் அம்மா குரலே வேற மாதிரி இருக்கு"ன்னு. நான் இங்க தலை போற விசயம் பேசுதேன், அவ அம்மா குரலைப் பத்திப் பேசுதா.

குரல் வேற மாதிரிதான் இருக்கு. அதுவும் எனக்கு எரிச்சல். தப்பு செஞ்சவ முகத்துல ஒரு வாட்டம் இருக்கணும்லா? கெடையாது. அன்னைக்கு அதைச் சொன்னதுல இருந்து அவ நல்லாத் தூங்குதா. மதியம்கூடத் தூங்குதா. கீரை உருவுதப்ப ஏதோ பாட்டை முணுமுணுக்கா. நான் பேசுததை நிப்பாட்டிட்டேன், பழைய மாதிரி. முந்தியெல்லாம் நான் பேசலேன்னா காப்பியை வச்சிட்டு வாசல்படிக்கிட்டயே நிப்பா, ஏதாவது சொல்லுவேனான்னு. இப்ப காப்பியை வச்சிட்டு அவ பாட்டுக்குப் போயிருதா. எதிர்வீட்டு அம்மா வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போகச் சொல்லதும் இல்ல. நான் ரூமுக்குள்ள இருக்கையிலேயே சிரிக்காங்க சார்.

எனக்கு எழுபது தாண்டியாச்சு. நான் எழுதினது, பேசினது எல்லாம் போயிரும். காலேஜ்ல என் போட்டோகூட இப்ப மாட்டலை. இது ஒண்ணுதான் நான் பூமில வச்சிட்டுப் போற அடையாளம். அதையும் ஒரு சின்னக் குறிப்புல அடிச்சிருன்னா என் கை எப்படி சார் எழுதும்? கோந்து போட்டு ஒட்டினதைப் பாத்து ஏமாந்தவன்னு என் பேர் நிக்கும் காலத்துக்கும். நாளைக்குப் பிறக்கப் போற பயலுவகூட வாத்தியார் சொல்லச் சொல்லச் சிரிப்பானுவ. அழுகை வருது சார், உள்ளதைச் சொன்னா. சரி விடுங்க.

அதான் கெளம்பிட்டேன். தை பொறக்கதுக்குள்ள ஒண்ணு கெடச்சா போதும். உசிரோட, கொம்போட, அதே உடம்போட ஒண்ணு. அதைக் கொண்டு போயி அந்தப் பொண்ணு மேசைல வைக்கணும். இந்தாம்மா, இதை எந்தக் கோந்து போட்டு ஒட்டினேன்னு கேக்கணும். வனத்துறைல அனுமதித் தாள் வாங்கியாச்சு. அடிவாரத்துல ரூம் சொல்லியாச்சு. கார்த்திகை மழை இப்பத்தான் விட்டிருக்கு. இதுக்கு மேல நல்ல நேரம் கெடையாது.

நேத்து சாயங்காலம்தான் அவகிட்ட வாயைத் தெறந்தேன். மலைக்குப் போறேன்னேன். தேடப் போறேன்னேன். போகாதீங்க, அதுதான் இல்லைன்னு சொல்லிட்டேன்லான்னு சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். நானும் தயாராத்தான் இருந்தேன். வந்திருந்தா, அந்தச் சண்டைல நானே ஒரு வேளை போகாம நின்னிருப்பேனோ என்னவோ.

அவ சண்டைக்கே வரல. "எத்தனை நாளைக்கு?"ன்னா. வழக்கம்போல ரெண்டு நாள்தான்னேன்.

"வயசான காலத்துல அவசரப்பட்டுத் தேடாதீங்க"ன்னா. "ஒரு பத்து நாள் இருந்து, நிதானமா, ஒரு செடி விடாமத் தேடிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கிடுதேன்"ன்னா. சொன்னதோட நிக்கல சார். இந்தப் பையைத் தூக்கிப் பாருங்க, எப்படிக் கனக்கு. சட்டையும் வேட்டியுமா, போர்வையும், மாத்திரையும், பத்து நாளைக்கு உள்ளதை மடிச்சு மடிச்சு அவளே வச்சிருக்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, சீட் பிடிச்சுக் குடுத்து, பஸ் எடுக்குத வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனா.

வாயால என்ன சொன்னாலும் உள்ளுக்குள்ள அவளுக்குத் தெரியும் சார், அது அங்க இருக்குன்னு. இல்லாத ஒண்ணைத் தேடிக்கிட்டுப் பத்து நாள் இருங்கன்னு எந்தப் பொண்டாட்டியாவது சொல்லுவாளா?